குறிவிளக்கப் பெட்டி

எல் ஆல்டோவில் படியேறினால் பேச்சு நின்றுவிடும்.
நாலாயிரம் மீட்டர் உயரம்.
கீழே பள்ளத்தில் லா பாஸ்.
இறங்க இறங்கக் காற்று கனக்கும்,
கூடவே வாடகையும்.
அடிமட்டத்தில் நீச்சல்குளம் வைத்திருப்பவர்கள்
பிராணவாயுவையும் சேர்த்துப் பத்திரம் பதிந்தவர்கள்.

கல்லூரியில் எனக்குச் சொல்லித்தந்த நகரம் வேறு.
நடுவில் கடைத்தெரு, சுற்றிலும் ஆலை,
ஆலையைச் சுற்றி வேலையாட்கள்,
அதற்கும் வெளியே வசதியானவர்கள்.
குளத்தில் கல் விழுந்தாற்போல வட்டம் வட்டமாய்.
வரைந்து காட்டி மதிப்பெண் வாங்கினேன்.
இங்கே கல் எறிந்தால்
உருண்டு கீழே போய்
யார் வீட்டுக் கண்ணாடியையாவது உடைக்கும்.

நகராட்சியில் வரைபடப் பிரிவு.
விளிம்பு எங்கே என்று பார்த்து வா என்றார்கள்.
நெமேசியா அபாசாவின் மினிபஸ்ஸில் ஏறினேன்.
கதவில் தொங்கியபடி நிறுத்தங்களைக் கூவுகிறவள்,
அந்த உயரத்தில், ஒரே மூச்சில்:
'பழைய கடைசி, நடுக் கடைசி, புதுக் கடைசீ...!'

வண்டி முதன்முதலில் திரும்பிய இடம் பழைய கடைசி.
இப்போது அங்கே வங்கி, பல் மருத்துவர்,
பச்சையும் ஆரஞ்சுமாய்க் கண்ணைப் பறிக்கும்
ஐந்து மாடிக் கல்யாண மண்டபம்.
நடுக் கடைசியில் பொரித்த கோழி, சிமெண்ட் மூட்டை.
புதுக் கடைசியில் நாய்கள்.
கம்பம் வந்துவிட்டது, விளக்கு வரவில்லை.
கம்பத்தில் தூக்கு மாட்டிய துணிப்பொம்மை,
திருடனுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்த சேதி.

தெரு எப்படி வருகிறது என்று அங்கேதான் பார்த்தேன்.
முதலில் குறுக்கே நடந்த ஒருத்தியின் தடம்.
தடத்தில் சக்கரம்.
சக்கரம் நிற்கும் இடத்தில் சூப் பானை.
பானைக்கு மேசை, மேசைக்குத் தகரம்,
தகரத்துக்கு வாடகை.
எல்லாம் முடிந்தபின் நாங்கள் போய் எண் பலகை அடிப்போம்,
நாங்களே பெற்றதுபோல.

'நகரின் மையம் எது?'
படிவத்தில் அப்படி ஒரு கேள்வி உண்டு.
இடுப்புப் பையைக் குலுக்கிப் பார்த்துச் சொன்னாள்:
'சில்லறை தீர்கிற இடம்.'

வரைபடம் அச்சாகி வந்ததும் அவளுக்கொன்று கொடுத்தேன்.
தன் தடத்தின் மேல் விரலை ஓட்டினாள்.
விமான நிலையம் தாண்டி, பழையது தாண்டி,
நடுவைத் தாண்டி, புதியதையும் தாண்டி
வடமேற்கு மூலையில் விரல் நின்றது.
அங்கே குறிவிளக்கப் பெட்டி.
பச்சை: பூங்கா. சாம்பல்: குடியிருப்பு.
புள்ளிக்கோடு: உத்தேசச் சாலை.
மூலை காலியாக இருந்ததென்று நான்தான் வைத்தேன்.

'பூங்கா'வில் அவள் சமையலறை இருந்தது.
உத்தேசச் சாலையின் இரண்டாம் புள்ளியில்
கொழுந்தன் ஃபெர்மினின் பாதி எழும்பிய சுவர்.
கோபப்படுவாள் என்று நினைத்தேன்.
'பெட்டி ரொம்ப நேராக இருக்கிறது' என்றாள்,
'எங்கள் சுவர் இவ்வளவு நேராய் வரவில்லை.'
படத்தை நாலாய் மடித்துக்
குளிர்காற்று புகும் ஜன்னல் இடுக்கில் செருக எடுத்துப்போனாள்.

அடுத்த பதிப்பில் பெட்டியைத் தென்கிழக்குக்கு மாற்றினேன்.
மை காயுமுன் ஒரு மனு வந்தது:
பதினேழு கையெழுத்து, மூன்று கைரேகை,
உறையோரம் செங்கல் தூள்.

இது மூன்றாம் பதிப்பு.
மாலை ஆறு மணி, அலுவலகத்தில் நான் மட்டும்.
சுட்டியால் பெட்டியைக் கவ்வித்
திரை முழுக்க இழுத்துக்கொண்டிருக்கிறேன்,
இறக்கிவைக்க ஆள் தேடும் சுமைகாரன்போல.
ஜன்னலுக்குக் கீழே மினிபஸ் திரும்புகிறது.
பழைய கடைசி, நடுக் கடைசி, புதுக் கடைசி,
அப்புறம் நாலாவதாக ஒரு பெயர்.
இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை.